இரண்டு மெஷின்களுக்கு நடுவே

என் வீட்டுக்காரர் போய் இரண்டு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் வாலிபாலைப் பற்றியே பேசினார்கள். ஒருவர் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கொண்டுபோய், விரல்களை விரித்து, அவர் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற விதத்தைச் செய்து காட்டினார். இன்னொருவர் பழைய அணிப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள்மீது தப்பில்லை. அவர்கள் கண்ணால் பார்த்தது அதைத்தான்.

ஆனால் அவர் விளையாடியது பன்னிரண்டு வருடம். அதற்குப் பிறகு லேத் மெஷின் முன்னால் நின்றது இருபத்திரண்டு வருடம். அந்த இருபத்திரண்டு வருடத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எப்படித் தொடங்கியது என்று முழுக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அவர் ஒருவர், நான் ஒருத்தி, இன்னொருவர் எங்கள் தொழிற்சாலையில் எல்லோரும் இரட்டை அண்ணன் என்று கூப்பிடுகிறவர். இரட்டை அண்ணன் பேச்சுக்காரர் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நாங்கள் மூவரும் வேலை பார்த்தது தண்ணீர்க் குழாய் வால்வு செய்யும் தொழிற்சாலையில். அதற்கு ஒரு வாலிபால் அணி இருந்தது. நன்றாக ஆடுகிற இளைஞர்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு எடுப்பார்கள். நியமன உத்தரவில் 'லேத் ஆப்பரேட்டர்' என்று இருக்கும். காலையில் பயிற்சி, பத்து மணிக்கு வந்து கையெழுத்து, மத்தியானம் மறுபடி பயிற்சி. மெஷினைத் தொட மாட்டார்கள். தொடச் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மெஷின் இருக்கும். அந்த மெஷினுக்கு ஒரு நாளைக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கும் இருக்கும். அதைப் பக்கத்து மெஷின்காரர் சேர்த்து ஓட்டிவிடுவார். எந்தக் காகிதத்திலும் எழுதாத ஏற்பாடு அது. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.

பக்கத்து மெஷின்காரருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அணி ஜெயித்தால் திங்கட்கிழமை சங்கு அரை மணி முன்னதாக ஊதும். ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் அரை மணி. ஆனால் வெறும் அரை மணிக்காக ஒரு மனிதன் வருடக்கணக்கில் இரண்டு ஆள் வேலை பார்ப்பானா? மைதானத்தில் ஒரு தடவை நின்று பார்த்தால் புரியும். மேனேஜர் ஒரு பக்கம், கூட்டிப் பெருக்குகிறவர் ஒரு பக்கம், நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. இருவரும் ஒரே வார்த்தையைக் கத்துவார்கள். பெண்கள் நாங்கள் மட்டும் கம்பி வேலிக்கு அந்தப்புறம் நிற்போம். எங்களுக்கு அங்கே இடமில்லை என்று யாரும் சொன்னதில்லை, இருக்கிறது என்றும் சொன்னதில்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் 'நாம ஜெயிச்சோம்' என்பார்கள். சம்பளப் பேச்சு மூன்று வருடமாக இழுத்துக்கொண்டிருந்த சமயத்திலும் 'நாம' என்றுதான் சொன்னார்கள். மறுநாள் மேனேஜருக்கு அந்தப் பெருக்குகிறவரின் முகம் ஞாபகம் இருக்காது. அது வேறு.

என் வேலை பரிசோதனை மேசையில். வால்வுக்குள் போகிற பித்தளைப் புஷ், சின்ன வளையம் மாதிரி இருக்கும். அதன் துளைக்குள் கேஜ் என்கிற அளவுக் கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். கேஜுக்கு இரண்டு முனை. மெல்லிய முனை உள்ளே போக வேண்டும், தடித்த முனை போகக் கூடாது. மெல்லியது போகாவிட்டால் துளை சிறிது. தடித்தது போய்விட்டால் பெரிது. இரண்டும் தள்ளுபடிதான். அழுத்தக் கூடாது, அதன் கனத்தில் அதுவாகப் போனால்தான் கணக்கு.

எந்த மெஷினிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு தட்டிலும் எண் இருக்கும். நாற்பத்தொன்றாம் எண் தட்டு வந்தால் எனக்குக் காலை நேரம் சுகமாகப் போகும். அளவு பிசகாது. அளவை விடுங்கள், விளிம்பில் ஒரு பிசிறு இருக்காது. கடைந்து முடித்ததும் விளிம்பில் நிற்கிற அந்த நுணுக்கமான பித்தளை ரம்பத்தை எல்லோரும் அப்படியே விட்டுவிடுவார்கள். நாற்பத்தொன்று மட்டும் ஒவ்வொன்றையும் எடுத்துத் தேய்த்துவிட்டு அனுப்பும். கேட்காமலே செய்கிற மனிதர் யாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

சித்தி ஒரு வரன் கொண்டுவந்தார். "பையன் உங்க கம்பெனிதான். வாலிபால் ஆடறவராம். பேப்பர்லயே படம் வந்திருக்கு" என்றார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "எந்த மெஷின்?" வீட்டில் சிரித்தார்கள். சித்தி விசாரித்துவிட்டு வந்து நாற்பத்தொன்று என்றார். நான் சரி என்றேன்.

கல்யாணமாகி மூன்றாவது வாரம் சாப்பிடும்போது கேட்டேன். "பிசிறை எதுல தேய்க்கறீங்க? அரமா, எமரித் தாளா?"

"என்ன பிசிறு?"

"உங்க புஷ்ல இருக்கற பிசிறு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "அது இரட்டை அண்ணன் போடறது. நான் அந்த மெஷினைத் துடைச்சதுகூட இல்லை."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். "அப்போ நான் யாரை நம்பிக் கழுத்தை நீட்டினேன்?"

"அவரைத்தான். என்ன, அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளைங்க."

இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து, அதன் மூடி விளிம்பை ஈர்க்குச்சியால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பிசிறு எடுக்கறேன். கத்துக்கறேன்ல" என்றார். சிரித்துவிட்டேன். அப்படித்தான் எங்கள் சண்டைகள் முடியும்.

இரட்டை என்பது பெயர் இல்லை. நாற்பதாம் மெஷினும் நாற்பத்தொன்றும் எதிரெதிராக நிற்கும். நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம். ஒன்று கடைந்துகொண்டிருக்கும்போது திரும்பி மற்றதில் உருப்படி மாட்டுவார். அது கடையும்போது இந்தப் பக்கம் திரும்புவார். நாள் முழுக்க இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே இருப்பார். கேட்டுக்கு வெளியே டீக்கடையிலும் அவர் இரட்டைதான்.

மகளுக்கு ஐந்து வயதானபோது தொழிற்சாலை கைமாறியது. புது நிர்வாகம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டியது. அணி கலைக்கப்படுகிறது. மைதானம் லாரி நிறுத்த எடுத்துக்கொள்ளப்படுகிறது. இனி ஓர் ஆளுக்கு ஓர் இயந்திரம். விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்கள் தொண்ணூறு நாளில் தொழில் தேர்வில் தேற வேண்டும், தவறினால் விலக வேண்டும்.

மற்ற வீரர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பேர் வேறு ஊர்க் கம்பெனிகளில் பயிற்சியாளர் ஆனார்கள். இவருக்கு வயது முப்பத்தாறு, முழங்கால் ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. "எனக்கு வேற என்ன தெரியும்? கையை மேல தூக்கத் தெரியும். அதுக்கு ஒரு வேலை இருந்தா சொல்லு" என்றார். எங்கள் வீடு கம்பெனி குடியிருப்பில், அவர் பேரில் ஒதுக்கியது. வேலை போனால் வீடும் போகும், மகளின் பள்ளியும் போகும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய் நாற்பத்தொன்றுக்கு முன்னால் நின்றாராம்.

"என்ன லிஃப்டரே, வழி தவறிட்டியா?" என்றாராம் இரட்டை அண்ணன். பந்தைத் தூக்கிக் கொடுப்பவருக்கு லிஃப்டர் என்று பெயர். பன்னிரண்டு வருடமாக இவரை அங்கே அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"கத்துக்கலாம்னு வந்தேன்ணே."

"அதுக்கென்ன, கத்துக்கலாம். இப்பத்தான் டூல் மாத்தினேன், கையைக் கிழிச்சிடும். டீ குடிச்சிட்டு வா."

டீ குடித்துவிட்டு வந்தால் பெரிய ஆர்டர் இருக்கும். ஆர்டர் முடிந்தால் மெஷினுக்கு எண்ணெய் போடுகிற நேரமாக இருக்கும். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. இவர் முதலில் அதைப் பரிவு என்றே நினைத்தார். 'பாவம், எனக்குக் கஷ்டம் வேண்டாம்னு பாக்கறார்' என்பார். எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் சொல்லவில்லை. டூல் ரூம் மூலையில் ஒதுக்கிப் போட்ட பழைய லேத் ஒன்று இருந்தது. அங்கிருந்த ஃபிட்டரைக் கெஞ்சி, சாப்பாட்டு நேரத்தில் அதில் கழிவுத் துண்டுகளைக் கடைய ஆரம்பித்தார். சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பார். பிறகு என் மேசைக்கு வருவார். தள்ளுபடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவேன். "இது ஏன் தள்ளினேன், சொல்லுங்க." முதல் வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு கேஜைத் தொடாமலே சொல்லத் தொடங்கினார்.

அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் சத்தம் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் வார்ப்புப் பிரிவும் லேத் பிரிவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போன ஆட்டத்தைப் பற்றி அடித்துக்கொள்வார்கள். அணி போனதும் பேச ஒன்றும் இல்லை. அவரவர் ஆளோடு அவரவர் உட்கார்ந்தார்கள். நிர்வாகம் ஒரு பெரிய டிவியை மாட்டியது. அதில் எங்கோ யாரோ கோடிக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஆடினார்கள். எல்லோரும் நன்றாகத்தான் பார்த்தார்கள், கைகூடத் தட்டினார்கள். ஆனால் அந்த ஆட்டக்காரனுக்காக யாரும் ஒரு மெஷின் ஓட்ட வேண்டியிருக்கவில்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரட்டை அண்ணன் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. டெஸ்ட்டுக்கு அதே புஷ்தான், பத்து பீஸ், எட்டு தேறணும். நீ பாட்டுக்கு மெஷின் முன்னாடி நில்லு. பத்து பீஸை நான் முதல் நாளே போட்டு வெச்சிடறேன். டீ நேரத்துல தட்டை மாத்திக்கலாம். பன்னிரண்டு வருஷமா பண்ணாததையா பண்ணப்போறோம்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் டீயைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "அண்ணே, ரெண்டரை மாசமா அவரை நீங்க மெஷின் பக்கமே விடலை. விட்டிருந்தா தட்டை மாத்தற வேலையே வந்திருக்காதே."

"நீ உள்ள போ" என்றார் இவர்.

"இருக்கட்டும், கேக்கட்டும்" என்றார் அண்ணன். டீயை ஊதினார், குடிக்கவில்லை. "தங்கச்சி, என் பேர் என்ன? சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. இவரைப் பார்த்தேன். இவருக்கும் தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபோர்மேனுக்கே தெரியாது. ரெஜிஸ்டர்ல இருக்கு. இரட்டைன்னாதான் என்னைத் தெரியும். நான் ஒரு மெஷினுக்கு இறங்கிட்டா அப்புறம் என்ன? அந்த வரிசையில நாப்பது பேர் ஆளுக்கு ஒரு மெஷின் ஓட்டறாங்க. நாப்பத்தோராவது ஆளா நானும் நிப்பேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க ஆடினதுக்குக் கை தட்டினாங்க. உங்களுக்குப் பின்னாடி நான் இருந்தேன்னு எனக்குத் தெரியும். ஆட்டம் இல்லைன்னு ஆயிடுச்சு. இந்த மெஷினாவது என்கிட்ட இருக்கட்டும்னு பாத்தேன். தப்புதான்."

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "தட்டு விஷயம் யோசிச்சு சொல்லு" என்றார்.

அன்று மாலை மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். இவரும் பின்னால் வந்தார்.

"அண்ணன் போட்ட பீஸ்னா உனக்குத் தெரிஞ்சிடுமா?"

"பார்த்த உடனே தெரியும்."

"சொல்லிடுவியா?"

நான் போர்வையின் ஒரு முனையை அவரிடம் கொடுத்தேன். இருவருமாக இழுத்து மடித்தோம். கேஜ் உள்ளே போனால் போயிற்று, யார் கடைந்தது என்று கேஜ் கேட்காது. மகளின் பள்ளிச் சீருடையும் அந்தக் கொடியில்தான் காய்ந்துகொண்டிருந்தது.

பரிசோதனை மேசையில் எங்கள் இருவரில் மற்றவள் பிரசவ விடுப்பில் இருந்தாள். ஆபீஸில் போய் நான் சொன்னேன்: "தேர்வு எழுதறவர் என் வீட்டுக்காரர். வேற யாரையாவது வெச்சுப் பாருங்க."

"தெரியும்மா. கேஜ் உங்க வீட்டுக்காரர் சொந்தம் இல்லையே" என்றார் அந்த அதிகாரி. "நானும் எதிர்ல உக்காந்திருப்பேன்."

தேர்வு நாள். பதினோரு மணிக்கு டீ வந்து போயிற்று. பன்னிரண்டுக்குத் தட்டு என் மேசைக்கு வந்தது. மேலே துணி மூடியிருந்தது. அதிகாரி எதிரே உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நான் துணியை எடுப்பதற்கு முன்பே ஓரத்தில் விரலை விட்டு ஒரு புஷ்ஷைத் தொட்டேன். விளிம்பு விரலைக் கீறியது.

பிசிறு. துணியை விலக்கினேன், பத்திலும் பிசிறு. அவரே கடைந்திருந்தார். எனக்கு மூச்சு லேசானது. கேஜை எடுத்தேன்.

முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் மெல்லிய முனையே போகவில்லை. தள்ளுபடி. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு சரி. எட்டாவது பார்த்ததுமே தெரிந்தது, துளை கோணல். தள்ளுபடி. ஒன்பது சரி.

பத்தாவது. மெல்லிய முனை போயிற்று. தடித்த முனையை வைத்தேன். துளை வாயில் தயங்கி நின்றது. பிறகு மெல்ல, தண்ணீரில் அமிழ்கிற மாதிரி, உள்ளே இறங்கியது. கைச்சூட்டில் பித்தளை சற்று விரியும். அப்படிச் சந்தேகம் வந்தால் ஆற வைத்துப் பார்ப்பது முறைதான், யாருக்கானாலும் செய்வோம். அதிகாரியிடம் சொல்லிவிட்டுக் கல் மேசையில் வைத்தேன். கால் மணி நேரம் இருவரும் அந்தச் சின்ன வளையத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கேஜை லேசாகச் சாய்த்துப் பிடித்தால் வாயிலேயே நின்றுவிடும். அதிகாரியின் கண்ணுக்கு அது தெரியாது. மறுபடி வைத்தேன், நேராக. இறங்கியது.

தாளில் ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் நான் வீட்டுக்குப் போனபோது அவர் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். "எத்தனை?" என்றார் திரும்பாமலே.

"ஏழு."

"மூணும் எட்டும் எனக்கே தெரியும். இன்னொண்ணு எது?"

"பத்து. மயிரிழை."

"அதுல கொஞ்சம் அவசரப்பட்டேன்." ரிப்பனை முடிச்சுப் போட்டார். முடிச்சு சரியில்லை என்று மகள் தலையை ஆட்டினாள். அவிழ்த்து மறுபடி போட்டார். அன்றும் மறுநாளும் என்னிடம் அதிகம் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். நான் பக்கத்தில் வந்தால் நகர்ந்து வழிவிட்டார், முன்பின் தெரியாதவருக்கு விடுகிற மாதிரி. என் கல்யாண வாழ்க்கையில் அந்த இரண்டு நாளைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. மாதக் கடைசியில் விலக வேண்டும். பதினொரு நாள் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை லேத் பிரிவில் ஒரு சத்தம் குறைந்திருந்தது. என் மேசையிலிருந்து கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன். நாற்பத்தொன்று ஓடவில்லை. இரட்டை அண்ணன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்பதில் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தார். ஃபோர்மேன் ஓடிவந்தார்.

"என்ன இரட்டை, உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன் சார்."

"அப்புறம் அது ஏன் நிக்குது?"

"ஆள் இல்லை, நிக்குது."

"விளையாடாதய்யா. இந்த மாசம் ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு."

"போர்டுல ஓர் ஆளுக்கு ஓர் இயந்திரம்னு நீங்கதான் சார் ஒட்டினீங்க. நான் படிச்சுப் பாத்தேன்."

ஃபோர்மேன் கெஞ்சினார், பிறகு மிரட்டினார். எழுதின விதிக்கு எதிராக மிரட்ட அவராலும் அதிகம் முடியவில்லை. மெஷின் மூன்று நாள் நின்றது. வெளியிலிருந்து ஓர் ஆளை எடுத்துப் பழக்க ஆறு மாதம் ஆகும். பத்துக்கு ஏழு போடுகிற ஆள் ஒருவர் உள்ளேயே இருந்தார். நான்காம் நாள் ஆபீஸில் கூப்பிட்டு, கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மூன்று மாதப் பழகுநர் என்று வேறொரு தாளைக் கொடுத்தார்கள்.

ஏன் அப்படிச் செய்தார் என்று பல வருடம் கழித்து இரட்டை அண்ணனைக் கேட்டேன். "அவன் போட்ட பத்தையும் ஃபோர்மேன் காட்டினார். கண்றாவி. ஒரு விளிம்பு உருப்படியா இல்லை" என்றார். "ஆனா அவனே போட்டிருந்தான். நான் தட்டை ரெடியா வெச்சுக்கிட்டு டீ நேரம் பூரா நின்னேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை" என்றார்.

பழகுநரான முதல் நாள் இவர் வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டினார். உள்ளங்கை முழுக்கப் பித்தளைச் சிராய். ஜன்னலடியில் உட்காரவைத்து ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். நகம் ஒன்றில் எண்ணெய்க் கறை ஏறியிருந்தது.

"அண்ணன் சொல்லித் தந்தாரா?"

"எங்க தந்தார். நாள் பூரா மோதிக்கிட்டு இருந்தோம்."

"சண்டையா?"

"இல்லடி. அவருக்கு ஒரு மெஷின் ஓடறப்ப உடம்பு தானா இந்தப் பக்கம் திரும்பிடுது. திரும்பினா நான் நிக்கறேன். டமார்னு வந்து மோதறார். ஒரு தடவை என் மெஷின் சக்குல அவர் பீஸை மாட்டிட்டார்." சொல்லிவிட்டு ஊசி குத்தியதில் கையை இழுத்துக்கொண்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? அண்ணே, இது என் இடம்னு சொன்னேன்."

"அவர்?"

"தெரியும்டா, தள்ளி நில்லுன்னார். சாயங்காலத்துக்குள்ள இன்னும் நாலு தடவை மோதினார்."

அவர் கையை மறுபடி என் மடியில் வைத்தார். கட்டைவிரலடியில் இன்னும் ஒன்று இருந்தது, ஆழமாக. வெளிச்சம் போவதற்குள் அதையும் எடுத்துவிட்டேன்.